நீத்தார் கடனும் நிலத்தின் உரிமையும்

(மூதூரில் உழவர்களும், ஆசிரியர்களும், பிற தொழில் புரிவோரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

    

மரணத்தைப் பற்றிப் பேச அரசியல்வாதிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். குருக்களும் மௌலவியும் பேசவேண்டிய பொருளன்றோ இது என்று கேட்கவும் கூடும். ஆயினும் இறந்தவனை எரிக்கவும் புதைக்கவும் நிலம் வேண்டும். அவனை நினைந்து நீராட ஆறும் ஊற்றும் வேண்டும். நிலம் என்ற சொல் எழுந்தவுடனேயே அங்கே சட்டம் வந்துவிடுகின்றது, அரசும் வந்துவிடுகின்றது. ஆதலின் இப்பொருளை நாம் பேசாது விட்டால், நம்மைக் கேளாமலே பிறர் முடிவு செய்துவிடுவர்.

இல்வாழ்வான் பேணவேண்டிய ஐவரை எண்ணிய வள்ளுவர், தென்புலத்தாரைத் தெய்வத்துக்கும் முன்னே வைத்தார். நம் சைவ மக்கள் உயிர் பிரியும் வேளையில் சிவபுராணம் ஓதுகின்றனர். பிரிந்தபின் திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிக்கின்றனர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்கின்றனர். முஸ்லிம் மக்களோ மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுவித்து அடக்குவதை ஊர் முழுவதன் மீதும் விழுந்த கடமையாக, பர்ளு கிபாயாவாகக் கொள்கின்றனர். சடங்குகள் வேறு, அவற்றின் உட்பொருள் ஒன்றே. இறந்தவன் தன் கடமையைத் தானே செய்துகொள்ள இயலாதவன். அவனுக்காக உயிரோடிருப்பவர் செய்யும் பணி, கைம்மாறு கருதாத பணி. மரணத்தைப் பற்றிய நம் ஆன்மிகம் அனைத்தும் இதனுள் அடங்கும்.

கன்னியாவின் பாடம்

திருகோணமலையிலிருந்து அனுராதபுரம் செல்லும் வீதிக்கு அணித்தாய் உள்ள கன்னியா வெந்நீர் ஊற்றுக்களை அறியாதார் இங்கே யார்? இராவணன் தன் தாய்க்கு இறுதிக் கடன் செய்தற்பொருட்டு அவ்வேழு கிணறுகளும் தோன்றின என்பது நம் முன்னோர் வழிவழிச் சொல்லிவந்த ஐதிகம். அஃது வரலாறா, புராணமா என்று வழக்காட வேண்டியதில்லை. அவ்வைதிகத்தை நம்பி, தாயை இழந்தவனும் தந்தையை இழந்தவனும் அங்கே சென்று கடன் கழித்தனர் என்பதே வரலாறு!

ஆயினும் நேர்ந்தது என்ன? அங்கிருந்த பிள்ளையார் கோயில் இடிந்து, அடித்தளம் மட்டுமே எஞ்சிற்று. போர் முடிந்தபின் அவ்விடம் தொல்லியல் திணைக்களத்தின் கைக்குச் சென்றது. 2019 இல் அவ்வடித்தளத்தின் மீது பௌத்த தாதுகோபம் எழுப்பும் முயற்சி நடந்தது. கோயிலின் அறங்காவலர் தரப்பு வழக்காடியதன் பேரில், அவ்வாண்டு ஜூலையில் திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மறு ஆண்டு, 2020 ஜூனில், கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளை முகாமை செய்யவென்று சனாதிபதி செயலணியொன்று அமைக்கப்பட்டபோது, இம்மாகாணத்தின் பெரும்பான்மையோராகிய தமிழரிலும் முஸ்லிம்களிலும் ஒருவர்க்கேனும் அதில் இடமில்லை!

இதில் நாம் கற்கவேண்டிய பாடம் யாது? தொல்பொருளைக் காப்பது நல்ல நோக்கமே. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் கல்லையும் செங்கல்லையும் காக்க எழுந்தது. ஆனால் அக்கல்லின் மீது நின்று கண்ணீர் விட்டவர்களின் வழக்கத்தை யார் காப்பது? பௌத்த விகாரைகளின் ஆதனங்களுக்கு 1931 இலேயே தனிச் சட்டம் உண்டு. பள்ளிவாசல்களுக்கு 1956 ஆம் ஆண்டின் வக்பு சட்டம் உண்டு. இந்துக் கோயில்களுக்கோ அத்தகைய தனிச் சட்டம் இல்லை. 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமே துணை.

எனினும் அச்சட்டத்தின் 107 ஆம் பிரிவு நமக்குப் பெருந்துணை. முறைப்படி எழுதிய உறுதி இல்லாவிடினும், வழக்கின் சூழ்நிலைகள் அனைத்தையும் நோக்கித் தரும நம்பிக்கைப் பொறுப்பு ஒன்று உண்டெனக் கொள்ள நீதிமன்றத்துக்கு அப்பிரிவு இடமளிக்கின்றது. சட்டத்தொழில் புரிபவன் என்ற முறையில் கூறுகின்றேன்: அச்சூழ்நிலைகளுள் வலிமை மிக்கது மக்களின் இடையறாத வழக்கம். நீங்கள் ஆண்டுதோறும் செய்யும் கடன், இறந்தவர்க்குச் செய்யும் அன்பு மட்டுமன்று. நிலத்துக்குச் சொல்லும் சாட்சியமும் ஆகும். கடன் நின்ற இடத்தில் சாட்சியமும் நின்றுவிடும்.

நம் கண்முன் உள்ளவை

மூதூருக்கே வருவோம். கங்குவேலியில், மகாவலி கங்கைக் கரையில் உள்ள அகத்தியர் தாபனம், திருக்கரைசைப் புராணம் போற்றும் தலம். ஆடியமாவாசையில் பிதிர்க்கடன் செய்வோர் நாடும் துறை அது. அத்துறைக்கு ஒருநாள் மட்டும் சென்று மூழ்கி வருவது போதுமா? மற்றைய நாட்களில் கரை அரிந்தாலும், மணல் போனாலும், காடு மூடினாலும் நமக்கென்ன என்றிருப்பது பக்தியாகுமா? புண்ணிய பூமியைப் பேணுதல் என்பது கரையைக் காப்பதும், மரத்தை வெட்டாது விடுவதும், துறையில் குப்பை சேராது பார்ப்பதுமே.

சம்பூர் மக்கள் 2006 இல் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டனர். மறு ஆண்டு அவ்வூர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேதான் நிலம் மீண்டது. இடையே கிளிவெட்டி முதலிய முகாம்களில் கண்மூடிய முதியோர், தம் ஊர்ச் சுடலையில் வேகும் பேறும் அற்றுப் போயினர். வயலை இழந்ததற்கு நட்டஈடு கணக்கிடலாம். இவ்விழப்பை எவ்வாறு கணக்கிடுவது? 2025 ஜூலையில் சம்பூர்க் கடற்கரையோரத்தில் கண்ணிவெடி அகற்றியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. விடயம் மூதூர் நீதவான் நீதிமன்றத்தின் முன் வந்தது. அவ்விடம் முன்னர் மயானமாய் இருந்ததா என்ற வினா உடனே எழுந்தது. ஒவ்வொரு ஊரிலும் மயானத்தின் எல்லை முறையாகப் பதியப்பட்டிருப்பின், இத்தகைய வினாவுக்கு ஒரு பகலில் விடை கிடைக்குமன்றோ?

முஸ்லிம் சகோதரர்களின் துயரையும் மறவாதிருப்போம். கொரோனாத் தொற்றால் இறந்த அவர்தம் உறவினரை 2020 இல் கட்டாயமாக எரித்தனர். 2021 மார்ச்சில் அடக்கம் தொடங்கியபோது, உடல்களை ஓட்டமாவடிக்கே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது. எரிந்த உடல் மன்னிப்பினால் மீளுமா? கன்னியாவில் தமிழர்க்கு மறுக்கப்பட்டதும் மையவாடியில் முஸ்லிம்களுக்கு மறுக்கப்பட்டதும் ஒரே உரிமையே. ஒருவர் உரிமை பறிபோகையில் மற்றவர் வாளாவிருந்தால், நாளை இருவர்க்கும் ஆறடி நிலமும் உறுதியில்லை.

செய்ய வேண்டியவை

ஆதலின் மூன்று பணிகளை உங்கள் முன் வைக்கின்றேன். ஒன்று: ஒவ்வொரு ஊரும் தன் சுடலை, மையவாடி, தீர்த்தத் துறை, பழங்கோயில் ஆகியவற்றை நில அளவையாளரைக் கொண்டு அளந்து படம் வரைவித்து, பிரதேச செயலகத்தில் பதிவு கோரவேண்டும். இரண்டு: முதியோர் உயிரோடிருக்கையிலேயே அவ்விடங்களின் வழக்கம்பற்றி அவர்தம் வாக்கைச் சத்தியக் கடதாசியாக எழுதி வைக்கவேண்டும். மூன்று: அறங்காவலர் இல்லாத இடத்துக்கு ஊர் கூடி அறங்காவலரைத் தெரிய வேண்டும். கன்னியாவில் வழக்காட ஒரு தரப்பு இருந்தமையாலேயே தடையும் கிடைத்தது. வழக்காட ஆளில்லாத இடத்தில் நீதிமன்றத்தின் கதவை யார் தட்டுவார்?

உழவர் பெருமக்களே! வரம்பு கட்டாத வயலில் நீர் நில்லாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னோர் உறங்கும் நிலத்துக்கும் வரம்பு கட்டுங்கள். அடுத்த ஆடியமாவாசைக்கு முன் இப்பணி ஒவ்வொரு ஊரிலும் தொடங்கட்டும். அதற்கு வேண்டிய சட்ட உதவியைக் கட்டணமின்றிச் செய்ய என்னோடு தொழில் புரிவோர் சிலர் அணியமாய் இருக்கின்றனர் என்பதையும் கூறி அமைகின்றேன்.