பெரிய வேலையும் சரியான விலையும்

(சங்கத்தின் திங்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியமும் இசையும் ஆன்மிகமும் பேசப்பட்டு வரும் இம்மேடையில், பெயர்ப் பலகை எழுதும் தொழிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. நம் காலனியிலும் அதன் சுற்றுப்புறத்திலும், தூரிகை பிடித்து எழுதியும் மரத்தில் எழுத்துச் செதுக்கியும் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்றும் இரண்டுமாகப் பலகை எழுதிய நாளில் கடனின்றி வாழ்ந்த குடும்பம், நூறு பலகைக்கு ஒப்பந்தம் கிடைத்த ஆண்டில் நகையை அடகு வைத்ததை நாம் கண்டிருக்கிறோம். பெரிய வேலை வந்தால் வீடு செழிக்க வேண்டும், மாறாக நலிவானேன்? இவ்வினாவிற்கு விடை தேடுவதே என் நோக்கம்.

நான் தூரிகை பிடித்தவன் அல்லன். இரயில்வே அலுவலகத்தில் மதிப்பீடுகளையும் ஒப்பந்தக்காரர்களின் பில்களையும் சரிபார்க்கும் எழுத்தர் வேலை பார்ப்பவன். நம் தொழிலாளத் தோழர்கள் சிலர், 'கொட்டேஷன் எழுதித் தாருங்கள்' என்று என்னிடம் வருவதுண்டு. அவ்வாறு எழுதிக் கொடுத்ததில் விளைந்த சில எண்ணங்களையே இங்கு முன்வைக்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மேற்பட்ட கணக்கு இதில் எதுவும் இல்லை.

மும்பை மாநகரில் இத்தொழிலுக்குத் தனிப் பெருமை உண்டு. பிற்காலத்தில் உலகப் புகழ் எய்திய ஓவியர் எம். எஃப். உசேன், தம் இளமையில் இந்நகரில் திரைப்பட விளம்பரப் பலகைகளைத் தீட்டியே வயிறு வளர்த்தார். பின்னர்க் கணிப்பொறியும் பிளெக்ஸ் அச்சு இயந்திரமும் பரவின. தூரிகையாளர் பலர் தொழிலை விட்டனர். எனினும் வேலை அற்றுப் போகவில்லை. 2022ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசு சட்டத்தைத் திருத்தி, பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் சிறு கடைகளும் மராத்தியில், பிறமொழி எழுத்தைவிடச் சிறிதாகாத தேவநாகரி எழுத்தில், பெயர்ப் பலகை வைக்க வேண்டும் என விதித்தது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு இரண்டு மாதத் தவணை கொடுத்தது. 2018இல் எல்பின்ஸ்டன் ரோடு நிலையம் பிரபாதேவி எனப் பெயர் மாறியதை அறிவீர்கள். ஒரு பெயர் மாறினால் மேடையின் இரு முனைகளிலும், தூண்களிலும், நடைப் பாலத்திலும், வாயிலிலும் எழுத்து மாற வேண்டும். பலகை வேலை இவ்வாறுதான் மொத்தமாக வருகிறது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அடுக்குமாடிச் சங்கமும் அழகு கருதிக் கையெழுத்துப் பலகையை நாடும்போதும் மொத்தமாகவே கேட்கின்றன. மொத்தமாகக் கேட்பவர் உடனே சொல்லும் சொல், 'விலையைப் பாதியாகக் குறையுங்கள்' என்பது.

இங்கே தாய்மார்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன். திருமணத்திற்கு ஐந்நூறு கைச்சுற்று முறுக்கு வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். அரிசியும் எண்ணெயும் மொத்தமாக வாங்கினால் சிறிது மலிவு. அடுப்பை ஒரு முறை மூட்டினால் போதும். ஆனால் முதல் முறுக்கைச் சுற்ற எவ்வளவு நேரமோ, ஐந்நூறாவது முறுக்கைச் சுற்றவும் அவ்வளவு நேரம்தான். சொல்லப்போனால் விரல் களைத்த பின் சற்று மிகுதியாகவே ஆகும். அச்சு இயந்திரத்திற்கு முதற்படிதான் செலவு, மற்றவை ஓடும். கைக்கு அப்படியன்று. ஆகவே மொத்த வேலையில் எது உண்மையாகக் குறைகிறதோ அதை மட்டுமே குறைக்க வேண்டும். குறையாததைக் குறைத்தால் அது நம் வீட்டுச் சோற்றிலிருந்து குறையும். நான் சொல்ல வந்தது இவ்வளவே. இனி இதைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன்.

முதலில் ஒரு மணி நேர உழைப்பின் விலையை அறிய வேண்டும். ஒரு தொழிலாளியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். குடும்பத்திற்கு மாதம் ரூ. 30,000 வேண்டும், கடை வாடகை, மின்சாரம், தூரிகை, தொலைபேசி ஆகியவற்றிற்கு ரூ. 9,000, ஆக ரூ. 39,000. மாதம் 25 நாள், நாளைக்கு 8 மணி என்று 200 மணி நேரம் அவர் தொழிலில் இருக்கிறார். பலரும் 39,000த்தை இருநூறால் வகுத்து, மணிக்கு ரூ. 195 போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் பெயிண்ட் வாங்கப் போவதும், கைகூடாத வேலைக்கு விலை சொல்லி வருவதும், பாக்கி கேட்டு நடப்பதும் அந்த இருநூறில் அடக்கம். அவற்றுக்கு எவரும் கூலி தருவதில்லை. கூலி கிடைக்கும் நேரம் 130 மணி எனக் கொண்டால், மணிக்கு ரூ. 300 ஆகிறது. இதுவே அவருடைய உண்மையான விலை.

இனி, இரண்டடி நீளம் ஓரடி உயரமுள்ள ஒரு மரப்பலகையைப் பார்ப்போம். இடத்தைப் பார்த்துப் பேச 1 மணி. எழுத்தமைப்பு வரைய 1 மணி. உப்புத்தாள் தேய்த்துப் பிரைமர் பூச 1 மணி. எழுத 2 மணி. கொண்டு சென்று பொருத்த 1 மணி. ஆறு மணிக்கு ரூ. 1,800; பொருள் ரூ. 400, எதிர்பாராச் செலவிற்கும் தொழில் வளர்ச்சிக்குமாகப் பத்தில் ஒரு பங்கு ரூ. 220. ஆக ஒரு பலகை ரூ. 2,420.

இதே பலகை நூறு வேண்டும் என்று ஒரு பள்ளி கேட்கிறது. நூறால் பெருக்கினால் ரூ. 2,42,000. பள்ளியோ ரூ. 1,21,000 தருவதாகச் சொல்கிறது. நாம் மணிகளை எண்ணுவோம். இடம் பார்த்து அளக்க நூறு மணி வேண்டியதில்லை, 10 போதும். எழுத்தமைப்பு ஒரே மாதிரியாதலால் 20 போதும். தேய்ப்பதும் பூசுவதும் வரிசையாகச் செய்தால் 70. பொருத்துவதற்கு 50. ஆனால் எழுதுவதற்கு 200 மணி. அதில் ஒரு மணிகூடக் குறையாது. ஆக 350. ஒரு பலகையில் இல்லாத வேலைகளும் நூறு பலகையில் வந்து சேரும். மாதிரிப் பலகை காட்டி ஒப்புதல் பெற 10 மணி, பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க 10 மணி, திருத்தங்களுக்கு 20 மணி. மொத்தம் 390 மணிக்கு ரூ. 1,17,000. பொருள், மொத்தக் கொள்முதலில் ரூ. 35,000. வண்டியும் ஏணியும் ரூ. 8,000. பணம் வரும் வரை கைமாற்றுக்கு வட்டி ரூ. 3,000. கூட்டினால் ரூ. 1,63,000, பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ரூ. 1,79,300. பலகை ஒன்றுக்கு ரூ. 1,793.

வாடிக்கையாளருக்கு நூற்றுக்கு இருபத்தைந்து பங்குக்கு மேல் நேர்மையாகக் குறைத்திருக்கிறோம். இதைவிடக் குறைத்தால் என்ன ஆகும்? ரூ. 1,21,000க்கு ஒப்புக்கொண்டவருக்குப் பொருள், வண்டி, வட்டி என ரூ. 46,000 போக மிஞ்சுவது ரூ. 75,000. அவருடைய 390 மணி என்பது மூன்று மாத உழைப்பு. மூன்று மாதத்தில் வீட்டிற்கும் கடைக்கும் வேண்டியது ரூ. 1,17,000. இடையில் விழும் பள்ளம் ரூ. 42,000. அந்தப் பள்ளத்தைத்தான் இல்லத்தரசியின் வளையல் நிரப்புகிறது. அந்த மூன்று மாதமும் அவர் கடை பூட்டிக் கிடந்ததால் பழைய வாடிக்கையாளர் வேறிடம் போயிருப்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்லும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். எட்டடி நீளம் மூன்றடி உயரமுள்ள பலகை எதுவாயினும் 24 சதுர அடிதான். ஒன்றில் 'டீக்கடை' என்று எழுத வேண்டும். மற்றொன்றில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் பெயர், பதிவு எண், முகவரி ஆகியவற்றை மராத்தி, இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழியிலும் எழுத வேண்டும். இரண்டிற்கும் ஒரே விலை சொல்வது முறையாகுமா? சதுர அடி என்பது பிளெக்ஸ்காரரின் அளவுகோல். அதை நாம் கையில் எடுத்தால் இயந்திரத்தோடு மலிவில் போட்டியிட நேரும். அப்போட்டியில் கை வெல்லாது. எழுத்தின் எண்ணிக்கை, அதன் உயரம், மொழி, நிழலும் பொன்வண்ணமும் உண்டா, சாரம் கட்ட வேண்டுமா என்பவற்றைக் கொண்டே கைவேலையை அளக்க வேண்டும்.

விலை சரியாயினும் நிபந்தனை சரியில்லாவிடில் பயனில்லை. எங்கள் இரயில்வேயில் அளவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. முடிந்த வேலையை அளந்து அதில் பதிந்த பிறகே பில் எழும். அதில் ஏறாத வேலைக்குப் பணம் இல்லை. நம் தோழர்களும் அவ்வாறே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ள வேண்டும். 'இதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பார்கள். அன்றே அதைக் குறித்து, விலை எழுதி, கையொப்பம் பெறுதல் நன்று. பெயர்ப் பட்டியலிலும் வாடிக்கையாளரின் கையொப்பம் வேண்டும். ஒப்பிய பட்டியலில் பிழை இருந்தால் திருத்தக்கூலி தனி என்று எழுதி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் எனாமல் எளிதில் உலராது. ஆதலால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளிவேலைக்கு நாள் குறிக்கும்போது, மழை நாட்கள் சேராது என்று எழுதுங்கள்.

முன்பணம் கேட்கக் கூசாதீர்கள். மேற்சொன்ன நூறு பலகைக்குப் பொருளும் வண்டியும் ரூ. 43,000, முதல் மாதச் செலவு ரூ. 39,000; இரண்டும் சேர்ந்து ரூ. 82,000. மொத்தத்தில் ஏறத்தாழப் பாதி. ஆகவே பாதியை முன்பணமாகக் கேட்பது பேராசையன்று; வேலையைத் தொடங்குவதற்கு வேண்டிய முதல். எஞ்சியதில் ஒரு பகுதியைப் பாதி வேலை முடிந்தபோதும், மீதியைப் பொருத்தி முடித்தபோதும் பெறலாம். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவரானால் வரி தனி எனக் குறிப்பிடுங்கள். பதிவில்லாதவர் அவ்வரியை வசூலிக்கக் கூடாது.

பாக்கிக்காக நடந்து நடந்து கால் தேய்பவர்களுக்கு ஒரு செய்தி. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறுந்தொழிலாளிக்குத் தர வேண்டிய தொகையை, ஒப்பந்தத் தவணை எதுவாயினும் 45 நாட்களுக்குள் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டுவட்டியாகத் தர வேண்டும். 2020 ஜூலை முதல் இப்பதிவு 'உத்யம்' என்னும் பெயரில் கணினி வழியே நடைபெறுகிறது. கட்டணம் ஏதும் இல்லை. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் அமர்ந்து, தொழிலாளத் தோழர்களுக்கு இப்பதிவைச் செய்து கொடுத்தால், அது சிறந்த தமிழ்த் தொண்டாகும்.

'இவ்வளவு விலை சொன்னால் வேலை கைநழுவிப் போகாதா?' என்று கேட்பீர்கள். சில வேலைகள் போகத்தான் செய்யும். போகட்டும். திருவள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஒரு காரியத்தில் இறங்குமுன் அதனால் கரைவது எது, விளைவது எது, முடிவில் மிஞ்சுவது எது என எண்ணிப் பார்க்கச் சொன்னார். வரப்போகும் ஆதாயத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்றும் கூறினார். நட்டம் தரும் வேலையை மறுப்பது செருக்கன்று. குடும்பத்தைக் காக்கும் கடமை. மறுக்கும்போதும் இன்சொல்லால் மறுக்கலாம். 'விலையைக் குறைக்க இயலாது. வேண்டுமானால் வேலையைக் குறைத்துத் தருகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். நூறு பலகைக்கு மாறாக அறுபது எழுதலாம். நிழல் எழுத்தை விட்டு நேரெழுத்தாக்கலாம். மும்மொழியில் ஒன்றைச் சிறிதாக்கலாம். வேலையின் அளவோடு விலை இறங்கினால் இருவருக்கும் நியாயம்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக்காரரோ மகனோ பெரிய வேலைக்கு விலை சொல்லப் போகும் முதல் நாள் இரவு, அவருடன் அமர்ந்து மணிகளை எண்ணுங்கள். வீட்டுச் செலவின் உண்மையான கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது. அது தெரியாமல் சொல்லப்படும் எவ்விலையும் அரைகுறை விலையே. தையல், பூத்தொடுத்தல், பலகாரம் என நீங்கள் செய்யும் தொழிலுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

கைத்தொழிலாளியின் நேரம் திரும்பி வாராதது. அதற்குரிய விலையைப் பெறக் கற்றுக்கொண்டால்தான், அடுத்த தலைமுறைப் பிள்ளை தந்தையின் தூரிகையை விருப்பத்தோடு கையில் எடுப்பான்.