ஏழைகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்

(மவுண்ட் ஆல்பர்ட் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இருக்கு. லண்டனிலிருந்து பவளம் கொண்டுவந்து, கோல்கொண்டா வைரம் வாங்கிப்போன யூத வணிகர்களின் நினைவு அந்தப் பெயர். போர்ச்சுகலின் மதவிசாரணைக்குத் தப்பிய குடும்பங்கள். 1688இல் மதராஸ் மாநகராட்சி உருவானபோது ஆல்டர்மன் நாற்காலியிலும் அவங்க உட்கார்ந்தாங்க. காரணம் பெருந்தன்மை இல்லை. கம்பெனிக்கு வைர வியாபாரம் வேணும்.

இதே மரபைச் சேர்ந்த 23 பேர் 1654இல் பிரேசிலிலிருந்து தப்பி நியூ ஆம்ஸ்டர்டாம், அதாவது இன்றைய நியூயார்க் போய் இறங்கினாங்க. ஆளுநர் ஸ்டைவசன்ட் துரத்தப் பார்த்தார். டச்சு மேற்கிந்தியக் கம்பெனி 1655இல் இருக்க விட்டது, ஒரு நிபந்தனையோட: உங்க ஏழைகள் எங்களுக்குச் சுமையாகக் கூடாது, நீங்களே பார்த்துக்கணும்.

வழிபாடு வீட்டுக்குள்ளதான். காவற்படையில் சேர்க்காம, அதுக்குப் பதிலா வரி கேட்டாங்க. அசர் லெவி என்பவர், “நானும் காவல் நிற்கிறேன், இல்லைன்னா வரியிலிருந்து விடுங்க” என்று மனு கொடுத்தார். மறுத்தாங்க. அவர் விடலை, 1657இல் நகர உரிமை வாங்கினார். முதல் ஜெபக்கூடம் மில் தெருவில் எழுந்தது 1730இல். வந்து 76 வருஷம் கழிச்சு!

இன்னொரு பக்கமும் இருக்கு. நியூபோர்ட் வணிகர் ஆரோன் லோபஸுக்கு, யூதர் என்பதால் 1762இல் ரோட் ஐலண்ட் குடியுரிமை மறுத்தது. அதே லோபஸின் கப்பல்கள் ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றின. அடிமை வியாபாரிகளில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். இதை யூதர் மேல் பழியாகச் சொல்லலை. ஒடுக்கப்பட்டதால மட்டும் யாரும் நியாயவான் ஆகிடறதில்லைன்னு நமக்கு நாமே சொல்லிக்கணும்.

“சுமை” என்ற சொல் இன்னும் சாகலை. மருத்துவச் செலவு அதிகமாகும்னா நியூசிலாந்து விசாவை மறுக்கலாம். நாமளும் “நாங்க உழைக்கிறோம், வரி கட்டுறோம்”னுதான் பதில் சொல்றோம். அப்போ உழைக்க முடியாதவங்க?

கோயிலும் தமிழ்ப் பள்ளியும் வேணும். ஆனா நாம நிற்கிற இந்த ஓவைராக்கா மலை மாவோரிகளோடது. அனுமதி கொடுத்த அரசுக்கு மட்டும் நன்றி சொல்லிட்டு, மண்ணுக்குரியவங்களையும் விசா இல்லாதவங்களையும் மறந்தா, நமக்கும் கிடைச்சது வெறும் நாற்காலிதான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, தற்காலிக விசாவில் இருக்கிற ஒருத்தரையாவது கூட்டிட்டு வாங்க. பேச்சை அவங்க தொடங்கட்டும்.