நுரையீரல் நோயும் இரத்தக் கொழுப்பும்



பல்லாண்டுகள் பீடி, சுருட்டுப் புகைத்தோருக்கும், விறகடுப்புப் புகையில் உழைத்த தாய்மார்களுக்கும் வரும் நாள்பட்ட நுரையீரல் நோயைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். இந்நோயாளர் பலரின் உயிரைப் பறிப்பது மூச்சுத்திணறல் மட்டுமன்று, மாரடைப்பும் ஆகும். ஆகவேதான் இரத்தக் கொழுப்பையும் சோதிக்கச் சொல்லுகிறோம்.

ஆனால் கொலஸ்டிரால் எண்ணை மட்டும் பார்த்து மகிழவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். புகைப்பழக்கம் நன்மை செய்யும் எச்.டி.எல். கொழுப்பைக் குறைக்கிறது. நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரை கொழுப்பையும் சர்க்கரையையும் உயர்த்தக்கூடும். நோய் முற்றி மெலிந்தவருக்கோ கொலஸ்டிரால் குறைந்து காணலாம். அது நலத்தின் அடையாளமன்று; ஊட்டக்குறைவின் எச்சரிக்கையாக இருக்கலாம். அத்தகையவருக்குக் கொழுப்பென்று அஞ்சி முட்டையையும் மீனையும் மறுக்காதீர்கள். தவக்காலத்திலும் நோயாளருக்கு நோன்புக் கடமை இல்லை என்பதை நினைவில் கொள்வோம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 885 நோயாளரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரை நுரையீரல் நோய் திடீரென முற்றுவதைத் தடுக்கவில்லை. இதயத்தின் பொருட்டு மருத்துவர் தந்தால் உண்ணுங்கள்; தந்ததை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

புகையை விடுவோம், மெலிந்தோரைப் பேணுவோம். இறைவன் நம் மூச்சைக் காப்பாராக!