பழைய விளையாட்டுக் காரின் உள்ளலங்காரம்

பழைய யப்பானிய விளையாட்டுக் கார் ஒன்றை வாங்கச் செல்பவர் முதலில் இயந்திர மூடியைத் திறக்கிறார். கதவைத் திறவுங்கள் என்பேன் நான். இயந்திரத்தைப் பிரித்துச் செப்பனிடலாம். உள்ளலங்காரம் சிதைந்தால் அசலுக்கு ஈடு தேடுவது அரிது.

1969 ஆம் ஆண்டு வெளிவந்த டட்சன் 240 இசட் வண்டியைப் பாருங்கள். அதன் முகப்புப் பலகை நுரைப்பஞ்சின்மேல் வினைல் போர்த்தியது. ஆண்டுக்கணக்காக வெயில் காய, மேற்பரப்பு இறுகி வெடிக்கிறது. வெடிப்பில்லாத பலகை அபூர்வம். வெடிப்பின்மேல் உறையொன்றை ஒட்டி விற்போரும் உளர். விளிம்பை விரலால் தடவினால் உண்மை தெரிந்துவிடும்.

தூரமானி குறைந்த ஓட்டத்தைக் காட்டலாம். சாரதி ஆசனத்தின் ஓரமும் மிதிகட்டை ரப்பரும் தேய்ந்திருந்தால் எதனை நம்புவது?

மாஸ்டா நிறுவனத்தார், 1989 இல் வெளியிட்ட ரோட்ஸ்டர் வண்டியைப் புதுப்பித்துக் கொடுக்கும் திட்டத்தை 2017 இல் அறிவித்தபோது, மடிப்புக் கூரையோடு நார்டி மரச் சுக்கானையும் மீண்டும் செய்விக்க முன்வந்தனர். எல்லா வண்டிகளுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை.

ஆகவே, பளபளக்கும் புதுத் தோலாசனத்தைவிடச் சற்றே நைந்த அசல் துணியாசனத்தையே நான் விரும்புவேன். கழற்றிய அசற் பாகங்களை விற்பவர் பெட்டியிலிட்டு வைத்திருப்பின், விலை பேசும்போதே அவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.