தீயணைப்பு வண்டி எங்கே நிற்க வேண்டும்?

(பூநகரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2016 செப்டெம்பரில் ஓர் இரவு கிளிநொச்சிச் சந்தை எரிந்தது. அங்கே அப்போது தீயணைப்பு நிலையம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் கடைகள் சாம்பல். அதற்குப் பிறகுதான் கிளிநொச்சிக்கு நிலையம் கிடைத்தது.

சரி, பூநகரிக்கு? பரந்தனிலிருந்தே ஏறக்குறைய 25 கிலோமீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினாலும் 25 நிமிடம். ஓலைக் கொட்டில் அதுவரை நிற்குமா? லயத்தில் ஒரு காம்பிராவில் பிடித்த தீ வரிசையையே கொண்டுபோகும் என்பது, 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும்.

நிலையத்துக்கு இடம் பார்க்கும்போது, கடைசி வீட்டுக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் பாருங்கள். வாடியடியில் ஒரு வண்டி, தண்ணீர்த் தாங்கி, இரவுக்கும் ஆள். பிரதேச சபையிடம் நாம் கேட்பது இவ்வளவுதான். அதுவரை கிளிநொச்சி நிலையத்தின் தொலைபேசி இலக்கத்தை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.