ஈரத் தார்ச்சாலையும் இரண்டு விளக்குகளும்



பத்தாம் ஆண்டு விழாவில் கவிதையை விட்டு ஓவியத்தைப் பேச வந்திருக்கிறேன். எனினும் கவிதையிலிருந்து வெகுதூரம் போய்விட மாட்டேன்.

மெல்போர்ன் நகருக்குத் தென்கிழக்கே, கடலோரத்தில் போமாரிஸ் என்றொரு புறநகர். 1919 முதல் பெற்றோருடன் அங்கே வாழ்ந்தவர் கிளாரிஸ் பெக்கெட் (1887–1935). அவர் வரைந்தவற்றைச் சொல்லிவிடுவது எளிது. மழை ஓய்ந்த தார்ச்சாலை, ஓரத்தில் தந்திக் கம்பங்கள், எதிரே மூட்டத்தினூடே வரும் ஒரு மோட்டார் வண்டி. அதன் விளக்கொளி ஈரத்தில் நீண்டு கிடக்கிறது. கதை இல்லை; மனிதர் இருந்தாலும் முகம் இல்லை.

அன்றைய ஆஸ்திரேலியா இதையா ஓவியம் என்று கொண்டாடியது? பொன்வெயில் பாய்ந்த மேய்ச்சல் வெளிகளும் யூகலிப்டஸ் மரங்களுமே தேசத்தின் முகம் எனப்பட்டன. தந்திக் கம்பத்தில் தேசம் தெரியவில்லை போலும்! 1923 முதல் பத்தாண்டுகள் ஏறத்தாழ ஆண்டுதோறும் கண்காட்சி வைத்தார். விற்றவை சில. மூட்டம் மிகுதி என்று விமர்சகர்கள் குறைப்பட்டார்கள்.

அந்த மூட்டத்தைப் பற்றித்தான் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பகலெல்லாம் நோயுற்ற பெற்றோரைக் கவனிக்க வேண்டியிருந்ததால் விடியலிலும் அந்தியிலுமே சிறு தள்ளுவண்டியில் வண்ணங்களை வைத்துக்கொண்டு வெளியே சென்று வரைந்தார். இதைக் கேட்டதும், மூட்டம் அவருடைய துயரத்தின் உருவகம் என்று எழுதிவிட நம் கை துடிக்கிறது. அந்த இரக்கத்தை நான் ஏற்கவில்லை. அது ஓவியரைக் கழித்துவிட்டு ஓர் அபலையை மட்டும் மிச்சம் வைக்கிறது.

அவர் மேக்ஸ் மெல்ட்ரமிடம் பயின்றவர். ஒளிக்கும் இருளுக்கும் இடையிலுள்ள படிநிலைகளை முதலில் பிடி. கோடும் நிறமும் பிறகு என்பது அப்பள்ளியின் முறை. கண்ணுக்கு எட்டியதற்குமேல் ஒரு கோடும் சேர்ப்பதில்லை. உவமையை முன்வைத்துப் பொருளைப் பின்னால் தேடும் நம்மில் பலருக்கு இது கடினமான பாடம். மூட்டமுள்ள மாலையில் விளிம்புகள் கரைகின்றன; கரைந்தபடியே வரைந்தார். 1930-களில் வெயில் விழும் கடற்கரைகளுக்கும் பிரைட்டன் குளியல் குடில்களுக்கும் வந்தபோது நிறங்கள் துலங்குகின்றன. 1932-இல் வரைந்த ஓர் ஓவியத்தின் பெயரே ‘சிவப்புக் குடை’. துயரம் மட்டுமே தூரிகையைப் பிடித்திருந்தால் அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது?

1935-இல் புயற்கடலை வரையச் சென்று, நிமோனியா கண்டு, 48 வயதில் மறைந்தார். பிறகு மறதி. 1960-களின் பிற்பகுதியில் ரோஸலிண்ட் ஹாலின்ரேக் என்னும் பெண்மணி, நாட்டுப்புறத்துத் திறந்த கொட்டகையொன்றில் சுமார் 2000 ஓவியங்கள் குவிந்து கிடக்கக் கண்டார். மழையும் எலியும் தின்றதுபோக மீட்க முடிந்தவை முந்நூற்றுச் சொச்சமே. 1971-இல் அவற்றிலிருந்து மெல்போர்னில் ஒரு கண்காட்சி வைத்தார். இன்று பெக்கெட்டைப் பற்றி நாம் பேச முடிவது அவரால்தான்.

2021-இல் அடிலெய்டின் தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் இவ்வோவியங்களைப் பெரிய அளவில் காட்சிப்படுத்தியது. ஆண்டு வரிசையைக் கைவிட்டு, விடியலில் தொடங்கி நிலவொளியில் முடியும் ஒரே நாளாக அவற்றை அடுக்கியிருந்தார்கள்.