வலிக்காத நோயும் வழக்கில்லாத நட்டமும்

(கமக்காரர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர்கள் பேசவேண்டிய பொருளைப் பற்றிச் சட்டத்தரணி ஒருவன் பேச எழுந்திருப்பதைக் கண்டு உங்களுட் சிலர் புன்னகை செய்கிறீர்கள். மருந்து எழுதிக் கொடுக்க நான் வரவில்லை. நட்டமடைந்தவன் யார், அந்த நட்டத்துக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர் யார் என்று விசாரிப்பது என் தொழில். அந்தக் கண்கொண்டு ஒரு நோயின் வரலாற்றைப் படித்தேன். படித்ததை உங்கள் முன் வைக்காமல் இருக்க மனம் இடந்தரவில்லை.

அந்த நோயின் பெயர் மதுரைப் பாதம். ஆம், மீனாட்சியம்மன் கோயில் கொண்டிருக்கும் அதே மதுரைதான். 1842இல் ஜோன் கில் என்ற ஆங்கில வைத்தியர் அங்கே தம்மிடம் வந்தவர்களின் வீங்கிய, துளைபட்ட பாதங்களைக் கண்டு குறிப்பெழுதினார். அதன்பின் பம்பாயிலிருந்த வன்டைக் காட்டர் என்பவர் அந்நோயைத் துருவி ஆராய்ந்து, அதற்குக் காரணம் ஒரு பூஞ்சணமே என்று காட்டி, 1860இல் 'மைசெற்றோமா' என்று பெயரிட்டார். மருத்துவ மாணவர் எல்லோரும் அறிந்த கிரேயின் உடற்கூற்று நூலுக்குப் படங்கள் வரைந்த கை அவருடையதுதான். 1905இல் புரும்ப் என்ற பிரெஞ்சு அறிஞர் அப்பூஞ்சண இனத்துக்கு 'மதுரெல்லா' என்று பெயர் சூட்டினார். சங்கம் வளர்த்த நகரின் பெயர் இலத்தீன் மொழியிற் குடியேறிய விதம் இதுவானால், அதைப் பெருமையென்று கொள்வதா?

இனி அந்நோயின் நடையைக் கேளுங்கள். மண்ணில் வாழும் இந்தப் பூஞ்சணம், வெறுங்காலில் ஏறும் முள்ளோடு தோலுக்கடியிற் புகுகிறது என்பதே பெரும்பாலான ஆராய்ச்சியாளரின் கொள்கை. புகுந்த இடத்தில் மெல்ல மெல்ல ஒரு தடிப்பு எழும். அது வலிப்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லப் பாதம் பருக்கும். தோலிற் சிறு துளைகள் விழும். துளைகளின் வழியே சீழும், அச்சீழோடு கடுகுபோன்ற கறுத்த மணிகளும் வெளிவரும். அதற்குள் பூஞ்சணம் எலும்பையும் அரித்துவிட்டிருக்கும்.

மணிகள் ஏன் கறுத்திருக்கின்றன? நமது தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் மெலனின் என்ற பொருளின் இனத்தையே இப்பூஞ்சணமும் ஆக்கிக்கொள்கிறது. ஆனால் இதற்கு அது கவசம். உடம்பின் காவற் கலங்கள் தாக்கும்போது மெலனின் அதைக் காக்கிறது. மருந்தின் வேகத்தையும் அது மழுங்கச் செய்கிறது என்பதை ஆய்வுகூடத்திற் கண்டிருக்கிறார்கள். பக்டீரியாவினாலும் இதேபோன்ற பாதநோய் வருவதுண்டு. அது மருந்துக்கு ஓரளவு பணியும். கறுத்த மணியோ பூஞ்சணத்தின் அடையாளம். அதற்கு ஓராண்டும் அதற்கு மேலும் நாள்தோறும் மருந்து விழுங்க வேண்டும். கத்தியும் வைக்க வேண்டும். அப்படிச் செய்தும் மீண்டும் முளைத்துப் பாதத்தையே துண்டிக்க நேர்ந்தவர்கள் பலர்.

ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றாது. ஆகையால் பட்டணத்துப் பெரிய மனிதன் இதற்கு அஞ்சவேண்டிய அவசியமில்லை. காலராவுக்கும் அம்மைக்கும் அரசாங்கங்கள் பதறின; அவை மாளிகையின் வாசலையும் தட்டக்கூடியவை. இதுவோ கமக்காரனையும் மந்தை மேய்ப்பவனையும், அதிலும் உழைக்கும் வயதிலுள்ள ஆண்களையே பெரும்பாலும் பற்றுவது. உலக சுகாதார தாபனம் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையிற் சேர்த்த ஆண்டு 2016. கில் குறிப்பெழுதிய ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 174 ஆண்டுகள்! எந்த நீதிமன்றத்திலும் எந்த வழக்கும் இத்தனை தவணை கண்டதில்லை. கறுத்த பூஞ்சணங்கள் தோலில் உண்டாக்கும் இன்னொரு நோய், பிறேசில் முதலிய நாடுகளின் கமக்காரரை வாட்டுவது, அதற்கும் ஓராண்டு பிந்தியே அவ்வரிசையில் இடம்பெற்றது.

இந்நோயாளருக்கென்று எழுந்து நின்றது செல்வம் மிக்க தேசமன்று. சூடானின் தலைநகர் கார்த்தூமில் 1991இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. புதிய மருந்தொன்றை 2017 முதல் அங்கேதான் நோயாளரிற் பரீட்சித்தார்கள். 2024இல் முடிவு வெளிவந்தது. பழைய மருந்தை அது வென்றுவிட்டதென்று நிறுவப்படவில்லை. ஆயினும் நாள்தோறும் விழுங்குவதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை விழுங்கினாற் போதும். மாட்டை விட்டுவிட்டு நெடுந்தூரம் நடந்து மருந்துக்கு வருபவனுக்கு அது சிறிய காரியமா? ஆனால் 2023 ஏப்பிரலில் அந்நாட்டிற் போர் மூண்டது. நிலையம் முற்றாக அழிந்தது என்றும், 40 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சேகரிப்பெல்லாம் போயிற்று என்றும் அதை நடத்திய டொக்டர் அகமது அல் பஹல் 2025இல் உலகுக்குச் சொன்னார். சேர்த்து வைத்த ஏடுகளைத் தீயிற் பறிகொடுத்த நமக்கு அந்தச் செய்தியின் பாரத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இப்பொழுது என் தொழிலுக்கு வருகிறேன். இத்தகைய கால் ஒன்றை இழந்தவன் என் கந்தோருக்கு வந்தால் நான் அவனுக்காக என்ன வழக்காட முடியும்? 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காயம் வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேர்ந்தது என்று காட்ட வேண்டும். எந்த நாள், எந்தக் காணி, யார் சாட்சி என்று எதிர்த்தரப்புக் கேட்கும். பல ஆண்டுகளுக்கு முன் குத்திய முள்ளை எந்தக் கமக்காரன் நினைவில் வைத்திருப்பான்? முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த வரம்புக்குப் போயிருப்பான். சொந்தக் காணியைக் கொத்துகிறவனாயின் வழக்கே இல்லை. அவனுக்கு எசமான் கிடையாது. பிறர் சோற்றுக்காகத் தன் பாதத்தைக் கொடுத்தவன் சட்டத்தின் முன் நட்டமடையாதவனாக நிற்கிறான். சட்டத்தை ஆக்கியோர் தொழிற்சாலையின் சக்கரத்தைக் கண்டார்கள். வயலின் முள்ளைக் காணவில்லை.

நமது ஊர்களில் இந்நோய் மலிந்துவிட்டதென்று உங்களைப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. வெறுங்காலும் முள்ளும் மண்ணும் நம்மிடம் உண்டு, அவ்வளவுதான். காலிலோ கையிலோ வலியில்லாத தடிப்பு வளருமானால், வலிக்கும்வரை பார்த்திருக்க வேண்டாம். சிறிய தடிப்பை அறுத்து அகற்றுவது எளிது. கறுத்த மணி கசிந்தால் துடைத்தெறிந்துவிட்டுப் பத்துப் போடாமல், அந்த மணியையே வைத்தியருக்குக் காட்டுங்கள். வைத்தியரிடம் உங்கள் தொழில் இன்னதென்றும் சொல்லுங்கள்; அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

தலைவர் அவர்களே, தீர்மானம் ஒன்றைச் சபையின் முன் வைக்கிறேன். பயிர்த்தொழில் செய்வோரிடம் காணும் இவ்வகை நோய்களை அரசாங்க வைத்தியசாலைகள் நோயாளியின் தொழிலோடு சேர்த்துப் பதிய வேண்டும். வயலில் உழைத்தவன் என்று நிறுவப்பட்டால், முள் குத்திய நாளைக் கேட்காமலே அந்நோயைத் தொழிலால் வந்ததாகச் சட்டம் ஊகிக்க வேண்டும். எசமான் இல்லாத கமக்காரனுக்கு அந்த ஈட்டை அரசாங்கமே கொடுக்க வேண்டும். இதனை ஆமோதிக்கக் கமக்காரர் ஒருவரையே அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.